கமராவும் ஏ.ஆரும் கொண்டு சத்திரசிகிச்சைப் பயிற்சி மேசை: கொழும்பில் முதல் தடவை அமைப்பவர்களுக்கு

நீங்கள் சத்திரசிகிச்சை ரெஜிஸ்ட்ராராக (நிபுணராவதற்குப் பயிலும் வைத்தியராக) இருக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செயற்திட்டம் தேடும் மாணவராகவும் இருக்கலாம். பயிற்சி வைத்தியரின் கை அசைவைக் கமராவால் பார்த்து, கணக்கிட்டு, எங்கே தவறுகிறது என்று திரையில் படத்தின் மேலேயே (இதுதான் ஏ.ஆர்.) காட்டும் மேசை ஒன்று உங்கள் பிரிவுக்கு வேண்டுமென்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

நான் மென்பொருள் பக்கத்து ஆள். கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலைப் பிரிவோடு சேர்ந்து இதை அமைத்தோம். கணினிப் பார்வை பற்றிய பாடம் இணையத்தில் நிறையவே கிடைக்கிறது. எந்தக் கடிதம் முதலில், எந்தப் பொருளை எங்கே வாங்குவது, எங்கே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வோம் என்பதைச் சொல்லத்தான் யாரும் இருக்கவில்லை. உங்களுக்கு அந்த இழுபறி வேண்டாம்.

1. ஒரே ஒரு பயிற்சியைத் தெரிவு செய்யுங்கள்

"சத்திரசிகிச்சைப் பயிற்சி" என்று பொதுவாகத் தொடங்கினால் எதுவும் முடியாது. லப்பரொஸ்கோப்பிக்கு, அதாவது சிறு துளைகளால் கமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு, எஃப்.எல்.எஸ். என்ற அமெரிக்கப் பயிற்சித் திட்டத்தில் ஐந்து கைவேலைகள் இருக்கின்றன: முளைகளில் இருக்கும் துண்டுகளை இடம் மாற்றுவது, துணியில் வட்டம் வெட்டுவது, சுருக்குப் போடுவது, வெளியே முடிச்சிட்டு உள்ளே தள்ளுவது, உள்ளேயே முடிச்சிடுவது. முதலாவதை எடுங்கள். ஆறு துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கி, அந்தரத்தில் மற்றக் கைக்கு மாற்றி, அடுத்த பக்கத்து முளையில் போட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அதேபோல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நேர எல்லை 300 செக்கன். தேர்ச்சி இலக்காக 48 செக்கன் என்று பயன்படுத்துகிறார்கள்.

இதை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரத்தமில்லை, தையல் நூல் செலவில்லை, துண்டு விழுந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. கமராவுக்கும் இலகு. முடிச்சிடும் பயிற்சியில் நூல் மெல்லியது, கருவி ஒன்றை ஒன்று மறைக்கும். அனுபவமுள்ளவர்களே திணறும் இடம் அது.

2. அனுமதிக் கடிதங்களை இன்றே தொடங்குங்கள்

பொருள் வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். முழு வேலையிலும் ஆக நீளமான காத்திருப்பு இதுதான்.

பயிற்சி வைத்தியர்களின் பதிவை ஆய்வாக்கி, கருத்தரங்கிலோ சஞ்சிகையிலோ சொல்ல எண்ணினால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி தேவை. எல்லோரும் ஈ.ஆர்.சி. என்றுதான் சொல்வார்கள். கொழும்பு மருத்துவ பீடத்திலும் இருக்கிறது, தேசிய வைத்தியசாலையிலும் இருக்கிறது. எந்தக் குழுவிடம் போவது என்பதை உங்கள் கொன்சல்டன்டிடம் (பிரிவின் விசேட வைத்திய நிபுணரிடம்) கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி வைக்காதீர்கள். இந்தக் குழுக்கள் பொதுவாக மாதம் ஒரு தடவை கூடும். முடிவுத் திகதிக்கு ஒரு நாள் பிந்தினாலும் அடுத்த மாதம்தான். திருத்தம் கேட்டு ஒரு தடவையாவது திரும்பி வரும் என்று வைத்துக்கொண்டு, மொத்தம் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். வேலையை முடித்துவிட்டுப் பின்திகதியிட்டு அனுமதி வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒன்று கிடையாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், பிரிவுத் தலைவரின் கடிதம், வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி, பங்குபற்றுபவருக்கான தகவல் தாளும் சம்மதப் படிவமும், தரவு சேகரிக்கும் படிவம், எல்லா ஆய்வாளர்களின் சுயவிபரம். நோயாளிகளின் சம்மதம் தேவைப்படும் கட்டம் வந்தால் படிவம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தை மருத்துவம் படிக்காத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். அவருக்கு விளங்கினால்தான் வார்டில் இருப்பவருக்கும் விளங்கும்.

ரெஜிஸ்ட்ரார்களின் சம்மதத்தில் நிறையப்பேர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. அவர்கள் அந்தக் கொன்சல்டன்டின் கீழேயே வேலை செய்கிறார்கள். "சேர் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது?" என்ற நிலையில் வாங்கும் கையொப்பம் சம்மதம் ஆகாது. ஆகவே சம்மதம் கேட்பவர் கொன்சல்டன்டாக இருக்கக்கூடாது. புள்ளிகள் பெயரில் இல்லாமல் இலக்கத்தில் பதியப்பட வேண்டும். இந்தப் புள்ளி யாருடைய மதிப்பீட்டுக்கும் பரீட்சைக்கும் போகாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஈ.ஆர்.சி. இதைக் கேட்கும். அது கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பிழை விடப் பயப்படும் இடத்தில் யாரும் பழக மாட்டார்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உடல்நலத் தரவுக்கு அது விசேட பாதுகாப்புக் கொடுக்கிறது. தொடக்கத்தில் நோயாளியின் வீடியோவைத் தொடவே வேண்டாம் என்பது என் ஆலோசனை. முளைகளைப் பெட்டிக்குள் வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சிக்கு அது தேவையுமில்லை.

3. பெட்டியும் கருவிகளும்

நோயாளியின் வயிற்றுக்குப் பதிலாக ஒளி புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம். மேல்மூடியில் கருவி போக இரண்டு துளைகள், அவற்றில் இறப்பர் வளையம். உள்ளே எல்.ஈ.டி. பட்டி. புறக்கோட்டையில் பிளாஸ்டிக் கடைகளிலும் முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளிலும் எல்லாம் ஒரே காலையில் வாங்கலாம். 5,000 ரூபாவுக்குள் முடியும். ஆயத்தமாகச் செய்து விற்கும் பெட்டிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் பல மடங்கு போகும். பயிற்சியில் அதற்கேற்ற வித்தியாசத்தை நான் காணவில்லை.

கருவிகள்தான் சிக்கல். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிராஸ்பர் (பிடித்துத் தூக்கும் நீளக் கருவி) இரண்டு தேவை. புதிதாக இறக்குமதி செய்தால், பயிற்சிக்கு என்று நீங்கள் சொன்னாலும் அது மருத்துவக் கருவிதானே என்ற கேள்வி சுங்கத்தில் எழலாம். மருத்துவக் கருவிகள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. அதைவிட நல்ல வழி, தியேட்டரில் பாவனைக்கு உதவாது என்று ஒதுக்கிய கருவிகளைக் கேட்பது. ஆனால் அரச வைத்தியசாலைப் பொருளைச் சும்மா எடுத்துக்கொண்டு வர முடியாது. போர்ட் ஒஃப் சேர்வே என்ற அரச பொருட் கணக்கெடுப்பு முடிந்து பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பிரிவின் பயிற்சிக்கென்று பணிப்பாளர் எழுத்தில் ஒதுக்கித் தர வேண்டும். தியேட்டர் சிஸ்டரிடம் முதலில் பேசுங்கள். எது எங்கே இருக்கிறது, எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காலாவதியான தையல் நூலுக்கும் இதே வழிதான். ஊசிகளைக் கூரான கழிவுப் பெட்டியில் போடுங்கள். பயிற்சி ஊசி என்றாலும் குத்தினால் குத்தினதுதான்.

முளைப் பலகையை முப்பரிமாண அச்சில் செய்விக்கலாம், மரத்தில் ஆணி அடித்தும் செய்யலாம். துண்டுகள் வழுக்காத இறப்பராக இருக்கட்டும்.

4. கமராவைச் சரியாகக் கட்டிப்போடுங்கள்

1080பி வெப்கமரா ஒன்று, 15,000 முதல் 25,000 ரூபா. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பார்த்து வாங்குங்கள். பெட்டிக்கு மேல் எழுதியிருப்பதை நம்பாமல், கையால் போகஸை நிறுத்தி வைக்க முடிகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். நான்கு அமைப்புகளை மாற்றாமல் ஒரு வீடியோவும் எடுக்காதீர்கள்.

தானியங்கி போகஸை நிறுத்துங்கள். போகஸ் மாறும்போதெல்லாம் வில்லையின் கணக்கு மாறும். அளவெடுத்து வைத்ததெல்லாம் பிழைக்கும்.

தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாட்டையும் நிறுத்துங்கள். பளபளக்கும் கருவி உள்ளே வந்தவுடன் படம் முழுவதும் இருண்டுவிடும்.

மின்விளக்கு அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50. கமரா 60க்கு வைக்கப்பட்டிருந்தால் படத்தில் கறுப்புப் பட்டிகள் ஓடும். கமரா பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதில்லை.

நான்காவது வீடியோ வடிவம். சுருக்காத 1080பி படம் செக்கனுக்கு 30 தடவை போக ஏறத்தாழ 124 மெகாபைட் வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 ஆகக் கூடினாலும் 60 மெகாபைட்தான் தாங்கும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும் எம்ஜெபெக் வடிவத்தைக் கேட்டு வாங்குமாறு நிரலில் எழுதுங்கள். ஓப்பன்சிவி என்ற கணினிப் பார்வை நிரல்தொகுதி தானாக அதைத் தெரிவு செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். படம் விக்கி விக்கி வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்புறம், கமரா பார்த்தது திரைக்கு வர எடுக்கும் தாமதத்தை அளந்து பாருங்கள். போனில் மில்லிசெக்கன் காட்டும் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டுக் கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். இன்னொரு போனால் அந்தப் போனையும் கணினித் திரையையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். 100 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது. 200ஐத் தாண்டினால் கை தடுமாறும். பயிற்சி வைத்தியர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார், குற்றம் கேபிளில் இருக்கும்.

5. அளவுத்திருத்தமும் அடையாளச் சதுரங்களும்

சதுரங்கப் பலகை மாதிரியை அச்சடித்து, பல கோணங்களில் 15, 20 படம் எடுத்து ஓப்பன்சிவியில் கமராவை அளவுத்திருத்தம் செய்யுங்கள். மீள்வீச்சுப் பிழை (கணக்கிட்ட புள்ளிக்கும் படத்தில் உள்ள புள்ளிக்கும் இடையிலான வித்தியாசம்) அரைப் பிக்ஸலுக்குள் வரும்வரை விடாதீர்கள். பிறகு பெட்டியின் அடியில் ஆருகோ சதுரங்களை (நிரல் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களை) ஒட்டுங்கள். இவற்றை வைத்துத்தான் கமராவுக்குப் பலகை எங்கே, எந்தச் சரிவில் இருக்கிறது என்று தெரியும்.

அச்சுக் கடையில் மூன்று விடயம் சொல்லுங்கள். "தாளுக்கு ஏற்றபடி சுருக்க வேண்டாம், நூறு வீதத்தில் அடியுங்கள்." "லமினேட் பண்ண வேண்டாம்." "சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்ட வேண்டாம்." லமினேட் பண்ணினால் எல்.ஈ.டி. வெளிச்சம் தெறித்துச் சதுரம் மறையும். வெள்ளை ஓரமில்லாவிட்டால் நிரல் சதுரத்தைக் கண்டுபிடிக்கவே மாட்டாது. கடையிலேயே அளவுகோலால் அளந்து பாருங்கள். 40 மில்லிமீற்றர் என்று நீங்கள் நிரலில் எழுதியது தாளில் 38 ஆக இருந்தால், பிறகு வரும் எல்லாத் தூரமும் பிழை. ஒரே ஒரு சதுரத்தை நம்பவும் வேண்டாம். கை மறைக்கும். நாலு மூலையிலும் ஒவ்வொன்று வையுங்கள்.

கருவியைத் தொடர, அதன் நுனிக்குச் சற்று மேலே நிற நாடா சுற்றுங்கள். இடக்கைக்குப் பச்சை, வலக்கைக்கு நீலம். சிவப்பு வேண்டாம், பின்னாளில் தசை மாதிரி வைத்துப் பழகும்போது நிறம் கலந்துவிடும். நாடாவை வைத்துத் தொடங்கினால் படங்களைக் காட்டிப் பயிற்ற வேண்டிய ஆழ்கற்றல் மொடல் எதுவும் இல்லாமலே முதல் வாரத்தில் கருவியின் பாதை திரையில் வரும். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பிரிவில் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஒற்றைக் கமராவில் ஆழம் தெரியாது என்பதும் உண்மை. தண்டின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்று தெரியுமாதலால், படத்தில் அது எத்தனை பிக்ஸல் என்று பார்த்து ஓரளவு கணிக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் இரண்டாவது கமரா.

உடலைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையின் முடிச்சைக் கையால் பழக்குவதென்றால், கை மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் என்ற நிரல்தொகுதி போதும். ஒரு கைக்கு 21 புள்ளிகளைத் தரும். நாங்கள் பார்த்ததில் கையுறை போட்டதும் தடுமாறியது. முன்கூட்டியே சோதியுங்கள்.

6. வீடியோவில் குறியிடுதல் (கருவி எங்கே என்று படத்தில் காட்டுதல்)

நிற நாடா இல்லாமல் கருவியை அடையாளம் காண வைக்க ஆசைப்பட்டால் படங்களில் குறியிட வேண்டும். சீவாட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பத்து நிமிட வீடியோவில் செக்கனுக்கு ஒரு படம் எடுத்தாலே 600 படம். ஒரு படத்துக்கு 20 செக்கன் போனால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். இதைக் கணக்கில் வைத்து ஆள் சேருங்கள்.

மிகப் பெரிய பொறி இங்கேதான். எல்லா வீடியோக்களின் படங்களையும் ஒன்றாகக் கலக்கி, அதில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்காதீர்கள். ஒரே ஆளின் அடுத்தடுத்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் முடிவு அற்புதமாக வரும்; புதிய ரெஜிஸ்ட்ரார் ஒருவர் வந்து நின்றவுடன் எல்லாம் சரியும். ஆள் வாரியாகப் பிரியுங்கள்: ஒருவரை முழுவதும் ஒதுக்கி வைத்து, மற்றவர்களில் பயிற்றி, அவரில் சோதியுங்கள்.

இலவசத் தரவுகளும் உண்டு. ஜிக்ஸோஸ் தொகுப்பில் எட்டுப்பேர் டா வின்சி என்ற சத்திரசிகிச்சை ரோபோவில் செய்த தையல், முடிச்சு, ஊசி கடத்தல் இருக்கிறது. கொலெக்80 தொகுப்பில் 13 சத்திரசிகிச்சை நிபுணர்கள் செய்த 80 பித்தப்பை அகற்றல் வீடியோக்கள். பழகுவதற்கு நல்லவை. ஆனால் உங்கள் பெட்டியின் வெளிச்சமும் கோணமும் வேறு. அவற்றில் பயிற்றிய மொடலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் வேலை செய்யாது. உரிம நிபந்தனைகளை வாசியுங்கள். கொலெக்80 வணிகப் பாவனைக்குக் கிடையாது. படத்தில் பொருட்களைக் கண்டுபிடிக்கும் யோலோவின் அல்ட்ராலிட்டிக்ஸ் பதிப்பும், அதைக் கொண்டு செய்த நிரலையும் திறந்து வெளியிடக் கேட்கும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. நாளைக்கு இதை விற்கும் எண்ணமிருந்தால் இன்றைக்கே யோசிக்க வேண்டியது.

உண்மையான சத்திரசிகிச்சை வீடியோவுக்குப் போகும் நாள் வந்தால்: திரையின் மூலையில் நோயாளியின் பெயரும் இலக்கமும் பதிந்திருக்கும், கோப்பின் பெயரிலும் இருக்கும், ஒலியிலும் பெயர் சொல்லப்பட்டிருக்கும். துடைப்பதற்காகக் கமராவை வெளியே எடுக்கும்போது தியேட்டரில் நிற்பவர்களின் முகமும் பதிவாகும். இவை எல்லாவற்றையும் வைத்தியசாலைக் கணினியிலேயே நீக்குங்கள். வேகமாகக் கணக்கிடும் ஜீபியூ இலவசமாகக் கிடைக்கிறது என்று கூகிளின் இணையச் சேவையான கொலாபில் ஏற்றிவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

7. கணினி போடும் புள்ளியைக் கொன்சல்டன்டின் கண்ணோடு ஒப்பிடுங்கள்

நேரம், கருவி நுனி போன தூரம், அசைவின் மென்மை, சும்மா நின்ற நேரம், கருவி பார்வைக்கு வெளியே போன தடவைகள். இந்த ஐந்தும் கணினிக்கு எளிது. ஆனால் இவை திறமை அல்ல, திறமையின் நிழல்தான். வேகமாகவும் குறுகிய பாதையிலும் போய்த் தசையைக் கிழிப்பவர் ஒருவரை இந்தக் கணக்கு கெட்டிக்காரர் என்று சொல்லிவிடும். கமராவுக்கு அழுத்தம் தெரியாது.

அதனால் பயிற்சி வைத்தியருக்குப் புள்ளியைக் காட்டும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். பெயரும் ஒலியும் இல்லாத வீடியோக்களை இரண்டு கொன்சல்டன்ட்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து, லப்பரொஸ்கோப்பித் திறமையை மதிப்பிடும் கோல்ஸ் அளவுகோலில் புள்ளி இடச் சொல்லுங்கள். ஆழ உணர்வு, இரு கை ஒத்துழைப்பு, சிக்கனம், தசையைக் கையாளுதல், தன்னிச்சை என ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து. கடைசி இரண்டும் முளைப் பயிற்சிக்குப் பொருந்தாது, விட்டுவிடலாம். முதலில் இரண்டு கொன்சல்டன்ட்களும் தங்களுக்குள் ஒத்துப்போகிறார்களா என்று பாருங்கள். அவர்களே ஒத்துப்போகாத இடத்தில் கணினியைக் குறைசொல்ல முடியாது. பிறகு கணினியின் எந்த அளவு அவர்களோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்து, சேராததைத் தூக்கிவிடுங்கள். கொன்சல்டன்ட்களின் நேரம் கிடைப்பதற்கு ஒரு மாதமாவது வையுங்கள். நீளமான வீடியோ கொடுத்தால் பார்க்க மாட்டார்கள். மூன்று நான்கு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

8. ஏ.ஆர். என்பதற்கு முதலில் திரையே போதும்

லப்பரொஸ்கோப்பி செய்பவர் தன் கையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார். ஆகவே அந்தத் திரையில் படத்தின் மேலேயே வழிகாட்டிக் கோட்டைப் படிய வைத்தால் அதுவே ஏ.ஆர். தலையில் மாட்டும் ஹெட்செட் வேண்டியதில்லை. கொன்சல்டன்ட் செய்தபோது பதிவான பாதையை மெல்லிய கோடாக, பலகையோடு ஒட்டி நிற்கும்படி காட்டுங்கள். பலகையைச் சற்று நகர்த்திப் பாருங்கள். கோடும் கூடவே நகர வேண்டும். முளையின் நுனியில் புள்ளி ஒன்றைப் படிய வைத்து, எத்தனை மில்லிமீற்றர் விலகுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். நாங்கள் 2 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் பாவிப்பதில்லை.

கோட்டை எந்நேரமும் காட்டாதீர்கள். வழிகாட்டியோடு மட்டுமே பழகினால், அதை எடுத்தவுடன் கை திண்டாடும். முதல் சில சுற்றுகளுக்கு முழுதாக, பிறகு தொடக்கத்தில் மட்டும், பிறகு இல்லாமல். செய்து முடித்தபின் தன் பாதையையும் கொன்சல்டன்டின் பாதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரார்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தாங்களாகவே பேசத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்; இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

9. ஹெட்செட் வாங்கத்தான் வேண்டுமென்றால்

உடலைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு அது உதவும். ஆனால் ஹோலோலென்ஸ் 2 மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். மைக்ரோசொஃப்ட் அதன் உற்பத்தியை 2024இல் நிறுத்திவிட்டது; பாதுகாப்பு மேம்படுத்தல் 2027 கடைசியோடு முடியும். அதன் காட்சி இரண்டு மீற்றர் தூரத்துக்கென்று அமைந்தது. கை எட்டும் தூரத்தில் தையல் போடும்போது கண் களைக்கும்.

மெட்டா குவெஸ்ட் 3 வெளிவந்தபோது விலை 499.99 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலே ஒன்றரை இலட்சம். அதற்கு மேல் அனுப்பும் செலவு, சுங்க வரிகள், 18 வீத வற். வைஃபையும் புளூடூத்தும் உள்ள கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கப்படலாம். பொதி வந்து சுங்கத்தில் நின்றபிறகு ஓடுவதைவிட, மாதிரி இலக்கத்தோடு முன்கூட்டியே ஆணைக்குழுவிடம் விசாரித்து, பிரிவின் கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஓடர் செய்யுங்கள். உள்ளூரில் விற்பவரிடம் வாங்கினால் விலை கூட, ஆனால் அந்த அலைச்சல் இல்லை. பில்லையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். குவெஸ்டின் கமராப் படத்தை நம் நிரல் எடுத்துப் பயன்படுத்தும் வசதி 2025இல்தான் திறக்கப்பட்டது; பழைய வழிகாட்டி வீடியோக்களில் அது முடியாது என்றிருக்கும்.

10. ஆட்கள் வரும் நேரம்

கெஷுவல்டி நாளில் (பிரிவு அவசர நோயாளிகளை ஏற்கும் நாளில்) யாரும் வரமாட்டார்கள். அதற்கு அடுத்த நாள் வந்தாலும், தூக்கமில்லாத கையின் பதிவு எதற்கும் உதவாது. கிளினிக் முடிந்த பிற்பகல்தான் எங்களுக்குச் சரிவந்தது. பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) பரீட்சைக்கு முன்னான மாதங்களையும் விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரார்கள் இடம் மாறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவரின் முதல் பதிவும் கடைசிப் பதிவும் அவர் அந்தப் பிரிவில் இருக்கும் காலத்துக்குள் முடியும்படி நாட்காட்டியைப் போடுங்கள்.

உங்களுக்கும் இதே நிலைதான். நீங்களும் ஒருநாள் போய்விடுவீர்கள். பெட்டியின் திறப்பு யாரிடம், அளவுத்திருத்தக் கோப்பு எங்கே, கமரா அமைப்புகள் என்ன, சதுரங்களை எந்த அளவில் மறுபடி அச்சடிப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். நிரலின் கொப்பி ஒன்று பிரிவின் கணினியில் இருக்கட்டும்.